பருவம் தவறும் மழையும் நேரம் தவறும் பணமும்

ஒரு ஹெக்டேருக்கும், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கும், குறைவான நிலத்தில் பயிர் செய்வோரைக் குறு விவசாயிகள் என்றும், ஒன்று முதல் இரண்டு ஹெக்டேர் வரை பயிர் செய்வோரைச் சிறு விவசாயிகள் என்றும் அரசின் கணக்கெடுப்புகள் வகைப்படுத்துகின்றன. 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 79 லட்சம் சாகுபடிப் பண்ணைகள் இருந்தன. அவற்றின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. பத்தில் ஒன்பதுக்கு மேல் இவ்விரு வகையிலேயே அடங்கின. பருவநிலை மாற்றம் இவர்களை எவ்வாறு தாக்குகிறது என்ற பேச்சு பெரும்பாலும் மகசூலில் எத்தனை மூட்டை குறையும் என்பதோடு நின்றுவிடுகிறது. ஆனால் கூட்டுறவுச் சங்கத்துக் கடனுக்குத் தவணை நாள் உண்டு, பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் உண்டு, அடுத்த விதைப்புக்குக் கெடு உண்டு. ஆகவே ஓர் ஆண்டில் மொத்தம் எவ்வளவு கிடைத்தது என்பதோடு, அது எப்போது கிடைத்தது, ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு ஏறி இறங்கியது என்பவற்றையும் கேட்டால்தான், வருமானத்தை நிலைப்படுத்துவதாகச் சொல்லும் திட்டங்களை எடைபோட முடியும். காவிரிப் படுகையும் அதற்குத் தெற்கே இராமநாதபுரத்தின் வானம் பார்த்த நிலங்களும் இந்த எடைபோடலுக்கு வேண்டிய சான்றுகளை நிறையவே தருகின்றன.

படுகையின் நெல் சாகுபடி மூன்று பருவங்களாக அமைந்தது. ஜூனில் தொடங்கி நான்கு மாதத்துக்குள் முடியும் குறுகிய காலப் பயிர் குறுவை. ஆகஸ்டு வாக்கில் தொடங்கிப் பொங்கலையொட்டி அறுவடையாகும் நீண்ட காலப் பயிர் சம்பா. குறுவையை அறுத்த வயலிலேயே இரண்டாம் போகமாக நடப்படுவது தாளடி. இந்த ஒழுங்கு இரண்டு தேதிகளைச் சார்ந்தது. ஒன்று, 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12; மற்றொன்று, தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தரும் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் நாள். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளில் ஒரு முறைகூட அணை ஜூன் 12 அன்று திறக்கப்படவில்லை. 2017இல் அக்டோபர் 2 வரை காத்திருக்க நேர்ந்தது. 2022இலோ மே 24ஆம் தேதியே திறக்க வேண்டிய அளவுக்கு நீர் நிறைந்தது. 2024இல் மீண்டும் ஜூலை 28 ஆயிற்று. இந்தத் தடுமாற்றத்தின் பழி முழுவதையும் பருவநிலையின் மீது சுமத்திவிட முடியாது, மாநிலங்களுக்கிடையிலான நீர்ப் பங்கீட்டுச் சிக்கலுக்கும் அதில் பெரும் பங்குண்டு. எனினும் மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை சீராகப் பெய்யும் ஆண்டுகளில் அந்தச் சிக்கல் தானாகவே தணிந்துவிடுவதும், மழை தவறும் ஆண்டுகளில் அது முற்றிவிடுவதும் எல்லோரும் கண்ட நடப்பு.

2016இல் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. அடுத்த ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. 2021 ஜனவரியில், பொதுவாக வானம் வெளுத்திருக்கும் மாதத்தில், பெய்த கனமழையில் அறுவடைக்கு நின்ற சம்பாக் கதிர்கள் சாய்ந்து வயலிலேயே முளைவிட்டன. 2023 டிசம்பரில் தென்கோடியின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. மாநிலத்தின் சராசரி ஆண்டு மழையே அதற்குச் சற்றுக் குறைவானது. இவற்றுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாமல் நிகழும் மாற்றமும் உண்டு. இரவின் குறைந்தபட்ச வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் கோடை நெல்லின் மகசூல் ஏறத்தாழ 10 விழுக்காடு சரிவதாகப் பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல் தரவுகளை ஆராய்ந்து 2004இல் வெளியான ஆய்வு காட்டியது.

மகசூலின் ஏற்ற இறக்கத்தைவிட வருமானத்தின் ஏற்ற இறக்கம் பெரியது என்பதை ஒரு சிறு கணக்கு தெளிவாக்கும். 2025-26 பருவத்தில் தமிழ்நாட்டு அரசின் ஊக்கத்தொகையும் சேர்ந்து சன்ன ரக நெல்லின் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். ஏக்கருக்கு 20 குவிண்டால் எடுப்பவருக்கு 50,900 ரூபாய் வரும். உழவு, நடவு, உரம், களை, அறுவடை எந்திர வாடகை ஆகிய செலவுகள் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 20,900. மகசூல் கால் பங்கு குறைந்து 15 குவிண்டாலானால் வரவு 38,175. செலவு ஏற்கெனவே வயலில் இறங்கிவிட்டதால் அது குறையாது. மிச்சம் 8,175 ரூபாயாகச் சுருங்கும். கால் பங்கு மகசூல் இழப்பு, மிச்சப்படும் வருமானத்தில் ஐந்தில் மூன்று பங்கை விழுங்கிவிடுகிறது. நிலம் குத்தகைக்கு எடுத்ததென்றால், குத்தகை நெல்லை அளந்த பிறகு கையில் எதுவும் நில்லாமல் போகவும் கூடும்.

இத்தகைய ஆபத்தை எதிர்நோக்கும் குடும்பம் தன்னைத் தானே காத்துக்கொள்ள முயல்கிறது. அந்தக் காப்புக்கு ஒரு விலையும் கொடுக்கிறது. மழை நிச்சயமில்லாத ஊரில் உரத்தைக் குறைப்பது, விலை கூடிய விதையைத் தவிர்ப்பது, பலன் குறைவானாலும் பொய்க்காத பயிரையே நாடுவது ஆகியவற்றை அறியாமை என்று வேளாண் விரிவாக்கத் துறையினர் நெடுங்காலம் கருதிவந்தனர். வடக்குக் கானாவில் பொருளியலாளர் டீன் கார்லனும் கிறிஸ்டோபர் யூட்ரியும் உடனாய்வாளர்களோடு நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கருத்தை அசைத்தது: சில விவசாயிகளுக்கு ரொக்கமும் சிலருக்கு மழைக் காப்பீடும் தந்து பார்த்தபோது, காப்பீடு பெற்றவர்களே நிலத்தில் அதிகம் முதலிட்டனர், அவர்களைத் தடுத்துவந்தது பெரும்பாலும் பணமின்மை அன்று, பொய்த்துப்போகும் மழை குறித்த அச்சமே. ஒடிசாவிலும் இதற்கு இணையான முடிவு கிடைத்தது. அம்மாநிலத்தின் எஃப்.ஆர்.13ஏ என்ற பழைய நெல் வகையில், நீரில் முழுகினாலும் பயிரை இரண்டு வாரம் வரை உயிரோடு வைத்திருக்கும் மரபணு ஒன்று இருப்பதை விஞ்ஞானிகள் 2006இல் உறுதிசெய்தனர். அது சேர்க்கப்பட்ட ஸ்வர்ணா சப்-1 நெல்லைப் பயிரிட்ட குடும்பங்கள், வெள்ளம் வராத ஆண்டிலும்கூட, உரம், நடவு முறை, கடன் ஆகியவற்றில் முன்னிலும் துணிந்து இறங்கியதாக எமரிக், டி ஜான்வ்ரி, சடூலே முதலியோரின் ஆய்வு 2016இல் காட்டியது. தமிழ்நாட்டில் பொன்மணி என்று வழங்கும் சி.ஆர். 1009 நெல்லுக்கும் இதே மரபணு சேர்க்கப்பட்ட வகை இப்போது புழக்கத்தில் உள்ளது; படுகையின் கடைமடையில், வடிகால் அடைபட்டு நவம்பர் மழையில் நாள்கணக்கில் தண்ணீர் தேங்கும் வயல்களுக்கு அதனால் பயன் அதிகம். நல்ல விதை ஒரு வகையில் காப்பீடே. அதுவும் படிவம் நிரப்பத் தேவையில்லாத காப்பீடு.

படிவம் நிரப்பிப் பெற வேண்டிய காப்பீடு, 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம். விவசாயி செலுத்தும் பிரீமியம் தென்மேற்குப் பருவ உணவுப் பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, ராபி எனப்படும் பின்பருவப் பயிருக்கு 1.5 விழுக்காடு, வணிக, தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5 விழுக்காடு. மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாயானால் சம்பா விவசாயியின் பங்கு 540 ரூபாய் மட்டுமே. இழப்பீடு தனி வயலைப் பார்த்துக் கணக்கிடப்படுவதில்லை. வருவாய்க் கிராமமோ, சில பயிர்களுக்குப் பிர்கா எனப்படும் குறுவட்டமோ ஒரே அலகாகக் கொள்ளப்படுகிறது. கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்து ஆண்டுகளின் சராசரி மகசூலில் குறிப்பிட்ட விழுக்காடு உத்தரவாத மகசூலாக வைக்கப்படுகிறது. அந்தப் பருவத்தில் கிராமத்தின் சில வயல்களில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கட்டம் அளந்து அறுத்து, உலர்த்தி, எடைபோட்டுக் காணும் மகசூல் உத்தரவாதத்துக்குக் கீழே எவ்வளவு இறங்கியதோ அந்த விகிதத்தில் அலகிலுள்ள எல்லோருக்கும் பணம் கிடைக்கும். உத்தரவாதம் 1,600 கிலோவாக இருந்து சோதனை அறுவடை 1,200 காட்டினால் நான்கில் ஒரு பங்கு இழப்பு. 36,000இல் 9,000 ரூபாய் வர வேண்டும்.

இந்த முறைக்கு வலுவான நியாயம் உண்டு. கோடிக்கணக்கான துண்டு நிலங்களைத் தனித்தனியே பார்வையிட ஆள்பலம் கிடையாது. தன் வயலின் இழப்பைத் தானே பெரிதாக்கிக் காட்டும் ஆசைக்கும் இடமிராது. ஆனால் மேட்டுப் பாங்கான வயல்கள் தப்பி, பள்ளத்தில் இருக்கும் இரண்டு ஏக்கர் மட்டும் அழுகிப்போன விவசாயிக்குக் கிராமத்தின் சராசரி எந்த ஆறுதலும் தராது. அளவுகோல் காட்டும் இழப்புக்கும் உண்மை இழப்புக்கும் இடையே விழும் இந்த இடைவெளியைக் காப்பீட்டுத் துறையினர் அடிப்படை இடர் என்பர். வெள்ளத் தேக்கம், ஆலங்கட்டி போன்ற ஓரிடத்துச் சேதங்களுக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் தந்தால் தனி வயலைப் பார்வையிடும் பிரிவும் திட்டத்தில் உண்டு. ஊரே முழங்கால் நீரில் நிற்கையில் கைப்பேசிச் செயலியில் புகைப்படம் ஏற்றுவது எத்தனை பேருக்குக் கைகூடும் என்பது வேறு கேள்வி. மற்றொரு நுட்பமான குறையை அதிகம் பேர் பேசுவதில்லை: உத்தரவாத மகசூல் கடந்த ஆண்டுகளின் சராசரியிலிருந்து பிறப்பதால், கெட்ட ஆண்டுகள் அடுத்தடுத்து வரும்போது உத்தரவாதமும் சேர்ந்தே இறங்குகிறது, மிக மோசமான இரண்டு ஆண்டுகளைக் கழித்துவிடும் விதி அந்தச் சரிவை மட்டுப்படுத்துமேயன்றித் தடுக்காது. பருவநிலை மோசமாக மோசமாகக் காப்பு மெலியும் ஏற்பாடு இது.

எல்லாவற்றுக்கும் மேலான குறை தாமதம். தை மாதம் அறுத்த சம்பாவின் இழப்பீடு, சோதனை அறுவடைத் தரவு தொகுக்கப்பட்டு, நிறுவனம் ஆட்சேபங்களை எழுப்பி, மாநில அரசின் பிரீமியப் பங்கு போய்ச் சேர்ந்து, அடுத்த சம்பா விதைப்பையும் தாண்டி வந்த ஆண்டுகள் உண்டு. அதற்குள் நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும், கறவை மாடு சந்தைக்குப் போயிருக்கும். பிறகு வரும் தொகை வட்டிக்குப் போகுமேயன்றிச் சாகுபடிக்கு உதவாது. தாமதத்துக்கு 12 விழுக்காடு வட்டி தர வேண்டும் என்று 2018இல் திருத்திய வழிகாட்டு நெறிகள் சொல்வதே, தாமதம் எவ்வளவு வழக்கமாகியிருந்தது என்பதற்குச் சான்று. இங்கே தொழில்நுட்பம் உண்மையாகவே உதவக்கூடியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தோடும் பிற அமைப்புகளோடும் சேர்ந்து, மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோள் படங்களிலிருந்து எந்தெந்தக் கிராமங்களில் விதைப்பே நடக்கவில்லை என்று கண்டறியும் முறையை உருவாக்கியது. 2016-17 வறட்சியின்போது, விதைக்க முடியாமல் போனதற்கான இழப்பீட்டை முடிவுசெய்ய அந்தப் படங்கள் பயன்பட்டன. 2023 முதல் நெல், கோதுமை மகசூல் மதிப்பீட்டில் தொலையுணர்வுத் தரவுக்கும் ஒரு பங்கு தரும் முறை தேசிய அளவில் நடைமுறைக்கு வந்தது.

காப்பீடே இல்லாத பருவத்தில் என்ன நடக்கும் என்பதை 2023 குறுவை காட்டியது. அணை ஜூன் 12 அன்றே திறக்கப்பட்டும், போதிய வரத்தின்றிப் பயிர் இடையில் கருகியது. அப்போது குறுவைக்குக் காப்பீடு நடப்பில் இல்லாததால், மாநில அரசு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய், அதாவது ஏக்கருக்கு 5,400 ரூபாய், நிவாரணமாக அறிவித்தது. நிவாரணம் அரசின் கருணையைச் சார்ந்தது. தொகை எவ்வளவு, யாருக்கு, எப்போது என்பது சேதத்துக்குப் பிறகே தெரியவரும். காப்பீட்டின் மதிப்போ, இவை மூன்றும் விதைக்கும்போதே தெரிந்திருப்பதில்தான் அடங்கியிருக்கிறது.

பிரீமியம் செலுத்தவே வசதியற்றவர்களுக்கு எத்தியோப்பியாவின் வறண்ட டிக்ரே பகுதியில் ஒரு வழி கண்டார்கள். 2009இல் ஆக்ஸ்ஃபாம் முதலிய அமைப்புகள் தொடங்கி, 2011 முதல் உலக உணவுத் திட்டத்தோடு சேர்ந்து விரிவாக்கிய அந்த ஏற்பாட்டில், ஏழை விவசாயிகள் மண்ணரிப்பைத் தடுக்கும் வரப்புகள், நீர்க்குழிகள் போன்ற பணிகளில் உழைத்து, அந்த உழைப்பையே காப்பீட்டுக் கட்டணமாகச் செலுத்தினர். மழை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் வயல் பார்வை எதுவுமின்றிப் பணம் வந்தது. அடிப்படை இடர் அங்கும் நீங்கவில்லை. ஆனால் ஆபத்தைக் குறைக்கும் வேலையும் ஆபத்தைப் பங்கிடும் காப்பீடும் ஒரே திட்டத்தில் பிணைக்கப்பட்டன.

வேளாண் குடும்பம் என்ற சொல்லைக் கேட்டதும் பயிரிலிருந்தே வாழும் குடும்பம் மனத்தில் தோன்றுகிறது. கணக்கெடுப்பு காட்டும் படம் வேறு. 2018-19ஆம் ஆண்டுக்குத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் கண்ட கணக்கின்படி, இந்திய வேளாண் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலியும் சம்பளமும் 4,063, பயிர் 3,798, கால்நடை 1,582. மிகுதி சிறு தொழிலும் நில வாடகையும். ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கெடுப்பில் வருமானத்தில் ஏறத்தாழப் பாதி பயிரிலிருந்தும் மூன்றில் ஒரு பங்கு கூலியிலிருந்தும் வந்திருந்தன. இடைப்பட்ட காலத்தில் கூலி பயிரை முந்திவிட்டது. இதை வீழ்ச்சியின் அறிகுறி என்று மட்டும் படிப்பது தவறு. வெவ்வேறு காரணங்களால் ஏறி இறங்கும் பல வரவுகள், ஒன்று விழும்போது மற்றொன்று தாங்குமாறு, ஒரே வீட்டில் சேர்வதுதான் நிலையான வருமானத்தின் இயல்பு. திருப்பூர்ப் பின்னலாடை ஆலைக்குப் போகும் மகளின் மாதச் சம்பளத்துக்கும் மேட்டூர் அணையின் நீர்மட்டத்துக்கும் தொடர்பில்லை. உள்ளூர் நடவுக் கூலிக்கோ தொடர்புண்டு, ஏனெனில் பயிர் பொய்த்த ஆண்டில் அந்தக் கூலியும் பொய்த்துப்போகும். 2005இல் சட்டமாகிய நூறு நாள் வேலைத் திட்டம் வறட்சி ஆண்டுகளில் தாங்கியது இந்த உள்ளூர்க் கூலியின் வெற்றிடத்தைத்தான். விவசாயத்தைக் காக்கும் வழிகளில் விவசாயத்துக்கு வெளியே கிடைக்கும் ஒரு நல்ல வேலையும் அடங்கும் என்று சொல்ல வேளாண் கொள்கை வகுப்போர் ஏனோ கூசுகின்றனர்.

நிலத்துக்குள்ளேயே பல வரவுகளை அமைப்பதை ஒருங்கிணைந்த பண்ணையம் என்பர். அதில் மிக உறுதியானது பால். கூட்டுறவுச் சங்கத்தில் நாள்தோறும் அளந்து ஊற்றும் பாலுக்குச் சில நாள்களுக்கு ஒரு முறை பணம் கிடைப்பதால், ஆண்டுக்கு இரு முறை மட்டும் பெரிய தொகை பார்க்கும் நெல் குடும்பத்தில் மளிகைக் கடனையும் பள்ளிக் கட்டணத்தையும் அந்தச் சிறு வரவே சுமக்கிறது. பல வீடுகளில் அந்தக் கணக்கு பெண்களின் கையில் இருப்பதும் தற்செயல் அன்று. எனினும் பாலும் மழையோடு முற்றிலும் தொடர்பற்றதல்ல: வறட்சி நீண்டால் வைக்கோல் விலை ஏறும், எல்லோரும் ஒரே நேரத்தில் மாட்டை விற்கப் புறப்படுவதால் மாட்டு விலை இறங்கும். தீவனத்தை ஓராண்டுக்குச் சேர்த்துவைக்கும் ஏற்பாடு இல்லாத கறவை மாட்டுத் திட்டம் பாதித் திட்டமே.

படுகையில் நெடுங்காலமாக இருந்துவந்த மற்றொரு காப்பு, நெல் தரிசுப் பயறு. சம்பாவோ தாளடியோ அறுவடையாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னதாக, ஈரம் காயாத வயலில் நெற்பயிருக்கு நடுவே உளுந்தோ பச்சைப் பயறோ தெளித்துவிடுவார்கள். உழவும் இல்லை, நீர்ப்பாசனமும் இல்லை. மண்ணின் மிச்ச ஈரத்திலும் பனியிலும் இரண்டரை மாதத்துக்குள் விளைந்துவிடும். செலவு மிகக் குறைவு என்பதால் விளைந்தது பெரும்பாலும் லாபமாகும். அடுத்த பயிருக்கு மண்ணில் தழைச்சத்தும் சேரும். ஆனால் கதிர் அறுக்கும் எந்திரம் வந்தபின் அதன் சங்கிலிச் சக்கரத்தில் இளம் முளைகள் நசுங்கின. அறுவடைக்குப் பிறகு விதைக்கலாமென்றால் ஈரம் காய்ந்துவிடுகிறது. மேட்டூர் தாமதமாகத் திறந்து சம்பா பின்னுக்குப் போன ஆண்டுகளில் பயறுக்குரிய தைப் பட்டமே தவறிவிடுகிறது. ஒரு பருவத்தின் தாமதம் இவ்வாறு அடுத்த பருவத்தின் வருமானத்தையும் சேர்த்தே கொண்டுபோகிறது. புதிய பயிர்களை அறிமுகப்படுத்தும் முன், கையில் இருந்த இந்தப் பயிரை மீட்பதற்கு எந்திரத்திலும் விதைக்கும் முறையிலும் செய்யும் ஆராய்ச்சிக்கு முதலிடம் தரலாம்.

பயறும் வாய்க்காத கோடையில் படுகையின் அறுத்த வயல்களுக்கு இராமநாதபுரத்துக் கீதாரிகள் எனப்படும் மேய்ப்பர்கள் செம்மறிக் கூட்டங்களோடு வந்து கிடை போடுவது பழைய வழக்கம். வறண்ட ஊரின் ஆட்டுக்கு மேய்ச்சலும், மேய்ப்பவருக்குக் கிடைக்கூலியும், ஈரமான ஊரின் வயலுக்கு எருவும் கிடைக்கும் இந்த ஏற்பாடு, மழை நிலையில் வேறுபட்ட இரண்டு வட்டாரங்கள் ஆபத்தைப் பகிர்ந்துகொள்வதற்கு எந்தத் திட்டக்குழுவும் வகுக்காத முன்மாதிரி.

மரப்பயிர் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். நெல்லின் நிச்சயமின்மையிலிருந்து தப்ப எண்ணித் தென்னைக்கு மாறிய குடும்பங்களுக்கு ஆண்டு முழுதும் சீரான இடைவெளியில் காய் வெட்டும் வரவு கிடைத்தது; கஜா அந்த வரவை ஒரே இரவில் அறுத்தது. விழுந்த மரத்துக்கு, அப்புறப்படுத்தும் செலவும் சேர்த்து, 1,100 ரூபாய் நிவாரணம் கிடைத்தது. புதிய கன்று காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டு பிடிக்கும். ஆண்டுதோறும் சிறு ஏற்ற இறக்கத்தைத் தவிர்த்து, எப்போதோ ஒரு முறை வரும் பேரிழப்பை ஏற்றுக்கொண்ட பேரம் அது. புயல்கள் வலுக்கும் கடற்கரையில் அந்தப் பேரத்தின் விலை ஏறியிருக்கிறது.

நீரைப் பொறுத்தவரை வழிகள் அறிந்தவையே. பண்ணைக்குட்டை, கண்மாய் தூர்வாருதல், சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியத்தில் சொட்டுநீர், நெல்லுக்குத் தொடர்ந்து தண்ணீர் கட்டாமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுதல் ஆகியவை பல ஆண்டுகளாகப் பரிந்துரைக்கப்பட்டு வருகின்றன. இவற்றுள் குட்டையின் பயன் குறைத்து மதிப்பிடப்படுகிறது. இராமநாதபுரத்தில் செப்டம்பர் வாக்கில் காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பர். கதிர் பிடிக்கும் வேளையில் மழை இரண்டு வாரம் நின்றுபோனால் ஒரே ஒரு தண்ணீர் அந்த ஆண்டின் விளைச்சலைக் காத்துவிடும்.

விளைந்ததைப் பணமாக்குவதிலும் நேரமே தீர்மானிக்கிறது. அரசு கொள்முதல் நிலையம் 17 விழுக்காடு வரை ஈரப்பதமுள்ள நெல்லை வாங்கும். அறுவடை நேரத்து மழை அந்த அளவைத் தாண்டவைக்கிறது. விதியைத் தளர்த்தும்படி மாநில அரசு மத்திய அரசுக்கு எழுதி, மத்தியக் குழு வந்து பார்த்து, ஆணை பிறப்பதற்குள் சாலையோரத்தில் கொட்டிவைத்த நெல் மீண்டும் நனைந்திருக்கும். ஒரு வட்டாரத்துக்கு ஓர் உலர்த்தும் எந்திரமும் கூரையிட்ட களமும் இருந்தால் தேவையற்றுப் போகும் கடிதப் போக்குவரத்து இது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் குண்டு மிளகாய்க்குக் கதை சற்று வேறு: நன்கு உலர்ந்த வற்றல் கெடாமல் நிற்கும் பொருள் என்றாலும், கடன் நெருக்கடியால் பங்குனி, சித்திரையில் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்று விலையை இறக்கிக்கொள்கின்றனர். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் கிடங்கில் சரக்கை வைத்து, அதன் மதிப்பில் ஒரு பங்கை உடனே பெறும் பொருளீட்டுக் கடன் இதற்கு நேரான மருந்து. சில மூட்டைகளுக்காக வண்டி வைத்துக் கிடங்குக்குப் போவது தனி விவசாயிக்குக் கட்டுப்படியாகாததால், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் சரக்கைத் திரட்டித் தரும் ஊர்களில்தான் அந்த மருந்து வேலை செய்கிறது.

கடன் தள்ளுபடி எப்போதும் விவாதத்துக்குரியது. 2021இல் தமிழ்நாடு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க் கடனைத் தள்ளுபடி செய்தது. புயலும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்த ஆண்டில் அது பலருக்கு மூச்சுவிட இடம் தந்தது. ஆனால் சங்கத்தில் கடன் கிடைக்காமல் தனியாரிடம் வாங்கியவர்களுக்கு அதில் பங்கில்லை. சேதம் நிகழ்ந்த பருவத்திலேயே தவணையைத் தானாகத் தள்ளிவைத்து, அடுத்த விதைப்புக்குப் புதுக் கடனையும் திறந்துவிடும் ஏற்பாடு அரசியல் கவர்ச்சி குறைந்ததாயினும் அதனால் விளையும் நன்மை பெரிது.

இதுவரை சொன்ன ஏற்பாடுகளில் பெரும்பாலானவை பட்டா வைத்திருப்பவரையே விவசாயியாகக் கருதுகின்றன. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதம மந்திரி கிசான் திட்டம் நில உடைமையாளருக்கு மட்டுமே உரியது. பயிர்க் காப்பீட்டுக்குச் சிட்டாவும், எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் சான்றளிக்கும் அடங்கலும் வேண்டும். கோயில் நிலங்களும் வெளியூர் உடைமையாளர்களின் நிலங்களும் மிகுந்த படுகையில், வாய்மொழிக் குத்தகையில் பயிர் செய்பவரே இழப்பைத் தாங்குகிறார். இழப்பீடு சில நேரங்களில் நிலத்தில் கால் வைக்காதவரின் கணக்குக்குப் போகிறது. குத்தகையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருந்தும், பதிவால் நிலம் கைவிட்டுப் போகும் என்ற உடைமையாளரின் அச்சமும், பதிவு கேட்டால் குத்தகையே போய்விடும் என்ற சாகுபடியாளரின் அச்சமும் சேர்ந்து அதை முடக்கியுள்ளன. ஆந்திரப் பிரதேசம் 2019இல், நில உரிமை எதையும் தராமல், கடன், காப்பீடு, நிவாரணம் ஆகியவற்றுக்கு மட்டும் செல்லும் 11 மாத சாகுபடியாளர் அட்டையைச் சட்டமாக்கியது. உடைமையாளரின் ஒப்புதல் வேண்டும் என்ற விதியால் அங்கும் பலர் வெளியே நின்றனர். தமிழ்நாட்டில் 2024இல் வேளாண் கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஒவ்வொரு புல எண்ணிலும் என்ன பயிர் நிற்கிறது என்று செயலியில் பதியும் மின்னணுப் பயிர் அளவீடு நடந்தது. அந்தப் பதிவில் பயிரின் பெயரோடு அதை விதைத்தவரின் பெயரையும் சேர்ப்பதற்குக் கூடுதல் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. அந்தப் பெயரைக் காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் மட்டும் சான்றாகக் கொள்ளலாம், நில உரிமைக்குக் கொள்ளலாகாது என்று தெளிவுபடுத்தும் ஓர் அரசாணை போதும்.